கேள்வி கேட்காத முக்கால் மணி நேரம்

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் எந்த முதியோர் இல்லத்துக்குப் போனாலும் ஒரே கேள்விதான் எல்லாக் கட்டில் பக்கமிருந்தும் கேட்கும். "நான் யாருன்னு தெரியுதா?" மகன் கேட்பார், மருமகள் கேட்பார், பேரனை முன்னால் தள்ளி, "இது யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்பார்கள். வாங்கி வந்த ஆரஞ்சுப் பழப் பை மடியில் இருக்கும். அந்த அம்மா பையனைப் பார்ப்பார், மகனைப் பார்ப்பார், பிறகு சுவரைப் பார்ப்பார். சிலர் சிரித்துச் சமாளிப்பார்கள். சிலர், "தெரியாம என்ன?" என்று கோபமாகச் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பெயர் மட்டும் வராது.

அந்தக் கேள்வியை என் அம்மாவிடம் நான் நான்கு வருடம் கேட்டேன். முப்பத்தொரு வருடம் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தவள் நான். பெரம்பலூரும் அரியலூரும் ஒரே மாவட்டமாக இருந்தபோதும், 2007இல் அரியலூர் தனியாகப் பிரிந்த பிறகும், கேள்வி கேட்பதுதான் என் தொழில். அம்மாவுக்கு மறதி தொடங்கியதும், தினமும் பழக்கினால் மறக்காது என்று நம்பினேன். காலையில் காபி கொடுத்துவிட்டு, இன்று என்ன கிழமை, நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், என் பேர் என்ன, தம்பி பேர் என்ன என்று வரிசையாகக் கேட்பேன். ஒருநாள் பதில் வரவில்லை. மறுபடி கேட்டேன். அம்மா மெல்ல வலது கையைத் தூக்கி, உள்ளங்கையை விரித்து என் முன்னால் நீட்டினார். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் அடி வாங்க நீட்டுவார்களே, அப்படி.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அம்மா போய் ஏழு வருடமாகிறது. இப்போது எங்கள் பகுதி முதியோர் இல்லம் ஒன்றுக்கு வாரம் இரண்டு நாள் போய்வருகிறேன். ஏழெட்டுப் பேரை வட்டமாக உட்காரவைத்து முக்கால் மணி நேரம் ஏதாவது செய்கிறோம். கோலம், பாட்டு, பல்லாங்குழி, பூக்கட்டு, கதை. அந்த முக்கால் மணி நேரத்தில் யாருக்கும் யாரும் பரீட்சை வைக்கக் கூடாது என்பது ஒன்றுதான் கட்டளை.

டிமென்ஷியா என்பதை எங்கள் பக்கம் "புத்தி பேதலிச்சுருச்சு" என்பார்கள், அல்லது "வயசாயிருச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். இரண்டுமே சரியில்லை. இது மூளையைத் தாக்கும் நோய்களின் தொகுப்பு. ஆல்சைமர் அதில் அதிகம் காணப்படுவது. இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 100க்கு 7.4 பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு இது இருப்பதாக 2023இல் வெளியான ‘லாசி-டாட்’ என்ற நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். எங்கள் மாவட்டங்களைப் போன்ற ஊர்களைப் பற்றிய கணக்கு அது. தைராய்டு கோளாறு, பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் இதே போன்ற மறதி வரும், அவற்றுக்கு மருந்து உண்டு. அதனால் முதலில் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். காதும் கண்ணும் சரியாக இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். காது கேட்காமல் பதில் சொல்லாதவரை மறதிக்காரர் என்று முடிவுகட்டிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆல்சைமர் நோயின் வரலாறே ஒரு பரீட்சையில்தான் தொடங்குகிறது. 1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகர மனநல மருத்துவமனையில் ஆகஸ்டே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைச் சேர்த்தார்கள். மருத்துவர் அலாய்ஸ் ஆல்சைமர் எதிரில் உட்கார்ந்து பெயர் கேட்டார். "ஆகஸ்டே" என்றார் அவர். கணவர் பெயர் கேட்டார். அதற்கும் "ஆகஸ்டே"தான் பதில். பெயரை எழுதச் சொன்னபோது பாதியில் நின்று, தன்னையே தொலைத்துவிட்டதாகச் சொன்னார். அவர் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்து, 1906இல் ஆல்சைமர் தன் கண்டுபிடிப்பைச் சொன்னார். மருத்துவர் கேட்டதில் தவறில்லை. நோயை அறிய அவர் கேட்டாக வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஆல்சைமரில் முதலில் அடி வாங்கும் பகுதிகளில் ஒன்று ஹிப்போகாம்பஸ். இன்று நடந்ததைப் பதிவேட்டில் ஏற்றும் குமாஸ்தா என்று அதை வைத்துக்கொள்ளலாம். அவர் வேலையை விட்டுவிட்டால் காலையில் சாப்பிட்ட இட்லி பதிவாகாது, சற்று முன் வந்துபோன மகனும் பதிவாகமாட்டான். ஆனால் சைக்கிள் ஓட்டுவது, பூக்கட்டுவது, முறத்தில் புடைப்பது போன்ற கைப்பழக்கங்கள் அந்தப் பதிவேட்டை நம்பி இருப்பவை அல்ல. அவை சிறுமூளையிலும் மூளையின் ஆழத்தில் உள்ள வேறு பகுதிகளிலும் ஊறிக் கிடக்கின்றன, நெடுநாள் தாங்குகின்றன. இளவயதில் கேட்ட பாட்டுகளும் அப்படித்தான். மகள் பெயரை மறந்த அம்மா, திருச்சி வானொலியில் கல்யாணத்துக்கு முன் கேட்ட பாட்டை ஒரு சொல் பிசகாமல் பாடுவது அதனால்தான். "பாட்டு மட்டும் ஞாபகம் இருக்கு, என்னைத் தெரியலையா?" என்று கோபப்படும் மகள்களுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பாசம் குறைந்ததால் வந்த மறதி இல்லை அது.

நான் தொடங்கும்போது இதெல்லாம் தெரியாது. கடைக்குப் போய் கலர் பென்சில், பூனையும் பூவும் அச்சடித்த புத்தகங்கள், கலர் கலராக மணிகள் வாங்கிப் போனேன். வருவாய்த் துறையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் புத்தகத்தைத் தள்ளிவிட்டு, "நான் என்ன எல்கேஜியா படிக்கிறேன்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த முறை கோடில்லாத வெள்ளைத்தாளும் ஒரு மர ஸ்கேலும் வைத்தேன். தாளை நேராக்கி, ஓரம் விட்டு, மேலிருந்து கீழே எட்டுக் கட்டங்கள் இழுத்தார். தலைப்பில் ‘நஞ்சை’ என்றும் ‘புஞ்சை’ என்றும் எழுதினார். அதற்குக் கீழே எதுவும் எழுதவில்லை. ஆனால் அந்தக் கோடுகளில் ஒன்றுகூடக் கோணவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்து போனார். மணிகளையும் அன்றோடு நிறுத்திவிட்டேன். ஒரு பாட்டி அவற்றை வாயில் போட்டுக்கொள்ளப் பார்த்தார். பல்லாங்குழிக்கும் புளியங்கொட்டையை விட்டுவிட்டுப் பெரிய சோழிகள்தான் வைக்கிறோம், பக்கத்தில் ஒருவர் இருப்பார். கோலத்துக்குக் கல்மாவு கிடையாது, பச்சரிசி மாவு. குனிய முடியாதவர்களுக்காக மேசைமேல் கறுப்புப் பலகை. இப்படி ஒவ்வொன்றும் ஒவ்வொரு தவறிலிருந்து கற்றது.

கலை என்றதும் படம் வரைவது, பொம்மை செய்வது என்றே நினைக்கிறோம். எங்கள் ஊர்ப் பெரியவர்களின் கலை அவர்கள் வேலைக்குள் இருந்தது. நடவுப் பாட்டு, குலவை, வாசல் கோலம், தாலாட்டு. கைவினை என்று சொன்னால் பெரம்பலூர் மாவட்டத்தில் அரும்பாவூர் மரச்சிற்பம். 2020இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தேருக்கும் கோயில் வாகனத்துக்கும் செய்கிற வேலை.

அந்த வேலை பார்த்த பெரியவர் ஒருவர் எங்கள் வட்டத்தில் இருந்தார். பேச்சு போய்விட்டிருந்தது. நாள் முழுக்கச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பார், வாரத்துக்கு இரண்டு பொத்தான் பிய்ந்துவிடும். "கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்று பணிப்பெண்கள் குறைப்பட்டார்கள். உளி தரப் பயம். அதனால் முழங்கை நீளத்தில் ஒரு மரத்துண்டும் உப்புத்தாளும் கொண்டுபோனேன். மரத்தை வாங்கியதும் முதலில் முகர்ந்தார். கட்டைவிரலால் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தடவிப் பார்த்தார். பிறகு ரேகை போன போக்கிலேயே உப்புத்தாளை ஓட்டினார். நாலு இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தி, தூளை ஊதி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மறுபடி. அப்படி இருபது நிமிடம். பொத்தான் பக்கமே கை போகவில்லை. மூன்றாவது வாரம் பென்சில் கொடுத்தோம். மரத்தின் மேல் முனையில் பாதாம் கொட்டை போல ஒரு கோடு, அதற்கு மேல் இன்னொரு கோடு. ஒற்றைக் கண். எங்களைப் பார்த்து, "கடைசியிலதான் தொறக்கணும்" என்றார். நான் அவர் குரலைக் கேட்டது அன்றுதான் முதல் தடவை. சிற்பத்தில் கண் திறப்பது எல்லா வேலையும் முடிந்த பிறகு என்பது எனக்கு வீட்டுக்கு வந்து விசாரித்துத்தான் தெரிந்தது.

நாங்கள் செய்வது புதிதொன்றுமில்லை. ஊர் ஊராகப் பலரும் தட்டுத்தடுமாறிக் கண்டுகொண்டதுதான். அமெரிக்காவில் ஆன் பாஸ்டிங் என்ற நாடகக்காரர் 1990களில் மில்வாக்கி நகர முதியோர் இல்லம் ஒன்றில், வாரக்கணக்கில் பழைய நினைவுகளைக் கேட்டுக் கேட்டுத் தோற்றுப்போனார். கடைசியில் பத்திரிகையிலிருந்து குதிரைக்காரர் ஒருவரின் சிகரெட் விளம்பரப் படத்தைக் கிழித்து நீட்டி, இவருக்கு நீங்களே ஒரு பேர் வையுங்கள் என்றார். நினைத்துச் சொல்ல வேண்டியதில்லை, இட்டுக்கட்டினால் போதும். முக்கால் மணி நேரம் கதை வளர்ந்தது, சிரிப்பும் பாட்டுமாக. அதிலிருந்து பிறந்ததுதான் 1998இல் தொடங்கிய ‘டைம்ஸ்லிப்ஸ்’.

லண்டனில் ஏமி ஸ்பெக்டர் குழுவினர் இன்னும் முறையாகச் செய்தார்கள். வாரம் இரண்டு முறை, ஏழு வாரம், மொத்தம் 14 அமர்வுகள். உணவு, குழந்தைப் பருவம், ஓசைகள், பணத்தைக் கையாளுதல், சொல் விளையாட்டு, கையால் ஏதாவது செய்தல் என்று நாளுக்கொரு பொருள். 2003இல் 201 பேரை வைத்து வெளியிட்ட ஆய்வில், சிந்திக்கும் திறனிலும் வாழ்க்கைத் தரத்திலும் முன்னேற்றம் தெரிந்தது. திறனில் கிடைத்த பலன் அப்போதைய மறதி மருந்துகளின் பலனுக்கு ஈடாக இருந்தது. இதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் சென்னை ஸ்கார்ப் நிறுவனத்தார். மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய மனநல அமைப்பு அது. அங்கே முதியோருக்கான ‘டெம்கேர்ஸ்’ பிரிவைச் சேர்ந்தவர்கள் தமிழ்ப் பெரியவர்களுக்கு ஏற்றபடி அந்த அமர்வுகளை மாற்றியமைத்து, சோதித்துப் பார்த்து, 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தச் சிகிச்சையின் விதிகளில் ஒன்று எனக்கு மிகப் பிடித்தது: விவரத்தைக் கேட்காதே, அபிப்பிராயத்தைக் கேள். "உங்க கல்யாணம் எந்த வருஷம்?" என்றால் தோற்றுப்போவார். "கல்யாணத்துக்குப் பட்டு நல்லதா, பருத்தி நல்லதா?" என்றால் அவர் சொல்வது எதுவும் தப்பாகாது. எங்கள் வட்டத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு பாட்டி சொன்ன பதில்: "பட்டு அன்னிக்கு, பருத்தி என்னிக்கும்."

நாட்கள் தெரியவேண்டும் என்பதற்கும் ஒரு வழி கண்டோம். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாங்களும் அந்த இரண்டு நாள்தான் போகிறோம். உள்ளே நுழைந்ததும் சின்ன அம்மன் படத்துக்கு விளக்கேற்றி, குங்குமத் தட்டைச் சுற்றி வருவோம். கிறிஸ்தவர்களான இரண்டு பாட்டிகள் தட்டைத் தொடமாட்டார்கள், ஏலாக்குறிச்சி மாதா படத்துக்கு அவர்கள் தனியாக மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். "இன்னிக்கு என்ன கிழமை?" என்று யாரும் கேட்பதில்லை. தட்டைப் பார்த்ததும், "சிறுவாச்சூர் நடை தொறந்துட்டாங்களா?" என்று அவர்களே கேட்கிறார்கள்.

ஒரு தவறை மட்டும் மறைக்காமல் எழுத வேண்டும். கதை சொல்லும் அமர்வுக்கு நான் பழைய காலண்டரிலிருந்து ஒரு ரயில் படம் கொண்டுபோனேன். ஆற்றுப் பாலத்தின் மேல் புகை விட்டுக்கொண்டு போகும் நீராவி ரயில். எல்லாருக்கும் ரயில் பிடிக்கும் என்று நினைத்தேன். அரியலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் படத்தை வாங்கிப் பார்த்தார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "தண்ணி வந்துருச்சு, வண்டிய நிறுத்தச் சொல்லு" என்று கத்தினார், கை நடுங்கியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. 1956 நவம்பர் 23 விடியற்காலை மருதையாற்று வெள்ளத்தில் பாலம் நிலைகுலைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பாடம் நடத்தும்போது இதை நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆற்றங்கரைக் கிராமத்தில் பத்து வயதுப் பையனாக இருந்தவர் அந்தக் காலையில் எதைப் பார்த்தாரோ.

"அது பழைய கதை தாத்தா, இப்ப ஒண்ணுமில்ல" என்று நான் சொல்லப் போனேன். அங்கே வேலை செய்யும் பெண் என்னை முந்திக்கொண்டு அவர் கையைப் பிடித்தார். "தண்ணி வடிஞ்சிருச்சு தாத்தா. கரையேத்திட்டாங்க."

"எல்லாரையுமா?"

"எல்லாரையும். வாங்க, டீ குடிக்கலாம்."

அவர் உட்கார்ந்தார். எட்டாம் வகுப்பு வரை படித்த அந்தப் பெண்ணுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. அவர் சொன்னது பொய்யல்லவா என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். எழுபது வருடமாக ஒருவர் நெஞ்சில் நிற்கும் தண்ணீரை ஐந்து நிமிடமாவது வடியவைத்த பேச்சை நான் பொய் என்று சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு படம் எடுத்துப்போகும்போது அந்தந்த ஊரின் துக்கம் என்ன என்று ஒருமுறை யோசித்துக்கொள்கிறேன்.

இந்த முக்கால் மணி நேரம் நோயைக் குணப்படுத்தாது. நினைவுத்திறனில் இதனால் கிடைக்கும் பலன் சிறியது என்றே ஆய்வுகளின் தொகுப்புகளும் சொல்கின்றன, இசையால் மனச்சோர்வு கொஞ்சம் குறையலாம் என்கின்றன. நான் அதற்கு மேல் எதையும் எந்தக் குடும்பத்துக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. மரத்தில் கண் வரைந்த பெரியவர் மறு வருடம் பென்சிலை எப்படிப் பிடிப்பதென்று மறந்துபோனார். அப்போதும் மரத்தைக் கொடுத்தால் முகர்ந்து பார்ப்பார்.

எனக்கிருக்கும் ஆற்றாமை வேறு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது வேண்டும், அதில் ஆதரவற்ற 150 பேராவது தங்க இடம் வேண்டும் என்கிறது. மருத்துவ வசதியோடு பொழுதுபோக்குக்கான ஏற்பாட்டையும் அதே பிரிவு குறிப்பிடுகிறது. பொழுதுபோக்கு என்றால் நான் பார்த்த இடங்களில் ஒரு டிவி. காலை முதல் இரவு வரை சீரியல் ஓடுகிறது, அதில் வருபவர்கள் அழுகிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள். திரையில் நடப்பதற்கும் அறைக்குள் நடப்பதற்கும் வித்தியாசம் தெரியாத பெரியவர்கள் பயந்து நடுங்குகிறார்கள். அதை அணைத்துவிட்டு, ஒரு முறம் அரிசியையோ ஒரு பந்து நூலையோ கையில் கொடுக்க எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. தேவைப்படுவது பக்கத்தில் உட்கார ஓர் ஆள். நாற்பது பேருக்கு இரண்டு பணிப்பெண்கள் என்று இருந்தால் அந்த ஆளுக்கு எங்கே போவது? உதவி தேவைப்படும் குடும்பங்கள் மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

சாயங்காலம் நாலரை மணிதான் எங்களுக்குக் கஷ்டமான நேரம். வெயில் சாயத் தொடங்கியதும் மறதி நோயாளிகள் பலருக்கு ஒரு தவிப்பு வரும். கேட்டுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போகணும், மாடு கத்துது" என்பார்கள். அந்த நேரத்துக்காகத்தான் வெங்காயத்தைக் கண்டுபிடித்தோம். பெரம்பலூரில் சின்ன வெங்காயத்துக்கு என்ன பஞ்சம்? ஒரு சாக்குக் காய்ந்த வெங்காயத்தைத் தார்ப்பாயில் கொட்டி வைப்போம். கத்தி கிடையாது. தாளைக் கையால் திருகிக் கிள்ளி, மேல்தோலைத் தேய்த்து விட்டு, பெரிசு ஒரு கூடை, பொடிசு ஒரு கூடை. வாழ்நாள் முழுக்கக் கூலிக்கு வெங்காயம் ஆய்ந்த கைகள் அவை. ஐந்து மணிக்கெல்லாம் கேட்டருகில் யாரும் இருப்பதில்லை. தார்ப்பாயைச் சுற்றிச் சலசலவென்று தோல் சத்தம், நடுவில் யாராவது ஒருவர் இழுக்கும் நடவுப் பாட்டு.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அந்த நேரத்துக்கு ஒரு மகள் வந்தார். வழக்கமாக ஞாயிறு வருபவர், "என்னைத் தெரியுதாம்மா?" என்று கேட்டு அழுதுவிட்டுப் போகிறவர். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் எடுங்கள் என்றேன். உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் போனது. அந்த அம்மா மகளின் கையைப் பார்த்து, "தாளை ஒட்டக் கிள்ளாத, அழுவிப் போயிரும்" என்றார். மகள் அப்படியே செய்தார். இன்னும் கொஞ்ச நேரம்.

"உனக்கு எந்த ஊரு?"

"குன்னம்" என்றார் மகள்.

"எம் பொண்ண அங்கதான் குடுத்திருக்கு. நல்ல புள்ள. வாரம் தவறாம வந்து பாத்துரும்."

மகள் குனிந்துகொண்டார். பிறகு, "அப்படியா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.